மண்வெட்டிக்காரனைத் தாண்டிவிட்டேன்

பையின் ஜிப்பைத் திறந்ததும் நீலகிரித் தைலத்தின் வாசனைதான் முதலில் வந்தது. உன் கேம் கன்ட்ரோலரின் இரண்டு பக்கப் பிடியிலும் அது ஊறிக் கிடக்கிறது. ஈரத்துணியால் துடைத்தேன், பிள்ளைக்குத் துடைக்கிற வைப்ஸால் துடைத்தேன், போகவில்லை. இப்போதுதான் நீ அதைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனதுபோல இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் எல்லோருக்கும் அழுகை வருமாம். எனக்குக் கோபம் வந்தது. அது வந்து இன்றோடு மூன்று வாரம், இன்னும் தணியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நேரில் என்றால் நடுவிலேயே எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் அது முடியாது. கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மகள் தூங்கிவிட்டாள். ஒரு வயது இரண்டு மாதம் ஆகிறது அவளுக்கு. நாளைக் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவை ஒரு அம்மா தட்டுவார். பிள்ளைக்கு மருந்து கொடுக்கிறேனா என்று பார்க்க வருகிறார். அவர் ஏன் வருகிறார் என்பது உனக்குத் தெரியும். எனக்குத்தான் நீ சொல்லவில்லை.

நம் இரண்டு பேரில் விளையாட்டுக்காரி எப்போதும் நீதான். பம்பாய் லேபர் கேம்ப்பில் உங்கள் வீட்டின் கீழ் அறையில் உங்கப்பா ஸ்கூல் பை தைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். இரும்பு ஏணியில் ஏறினால் மேல் அறை. ஜன்னல் என்று பேருக்கு ஒன்று உண்டு, அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அங்கே நீயும் ஒரு பழைய டிவியும். கல்லூரி முடித்ததும் நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பேப்பர் பார்க்கப் போனேன், நீ ஐரோலியில் கேம் டெஸ்டிங்குக்குப் போனாய். "வெளையாடுததுக்குச் சம்பளம்ட்டி" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். உண்மையில் அது என்ன வேலை? ஒரே சுவரில் நாள் முழுக்க மோதி, எந்த இடத்தில் மோதினால் ஆள் சுவருக்குள் போய்விடுகிறான் என்று கண்டுபிடித்து எழுதுகிற வேலை. எனக்கென்றால் இரண்டாம் நாளே பைத்தியம் பிடித்திருக்கும். நீ ஆசையாகச் செய்தாய். அலுப்பு என்றால் என்னவென்றே தெரியாது உனக்கு.

நானும் விளையாடுவேன்தான். ஹார்பர் லைன் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் போனில் மூன்று மிட்டாயை ஒன்று சேர்த்து உடைப்பேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு 'மிட்டாய்க்காரி' என்று பெயர் வைத்தாய். கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் அதை எழுதிக் கொண்டுவந்து காட்டினாய்.

அந்தச் சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். மகளுக்கு அப்போது மூன்று மாதம். அத்தை காட்கோபரில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார், இவருக்கு ஷிஃப்ட். நீ முதுகில் பையோடு செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாய். முகத்தில் மாஸ்க்.

"என்னட்டி, ஆபரேஷன் பண்ண வந்தியா?"

"ஆபீஸ்ல எல்லாத்துக்கும் ஜலதோஷம். பிள்ள இருக்க வீடுல்லா." சொல்லிக்கொண்டே ஜன்னல் கதவு இரண்டையும் அகலத் திறந்தாய். நான் போட்டிருந்த மெத்தைக்கு வராமல் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டாய். "ஒன் மிட்டாயெல்லாம் எடுத்து ஓரங்கட்டு. இன்னைக்கு மனுஷங்க வெளையாடுத கேமு கொண்டாந்திருக்கேன்."

நான் நாளெல்லாம் பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு, பால் குடித்த நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டு பித்துப் பிடித்துக் கிடந்த காலம். உனக்கு அது தெரிந்திருந்தது. "கொஞ்ச நேரம் வேற பயம் பயப்படு" என்றாய்.

எத்தனை முறை செத்தால் முடியும் என்று ஊர் உலகமெல்லாம் பேசுகிற கேமாம். நீ மூன்று தடவை முடித்தவள். டிவியில் மழையில் நனைந்த ஒரு கறுப்பு ஊர் வந்தது. நடுவில் வெளிச்சமே இல்லாத ஆயிரம் ஜன்னல் வைத்த மடம். கல்லறைத் தோட்டத்தில் கண் விழிக்கிறோம். கையில் துருப்பிடித்த ஒரு கத்தி, பக்கத்தில் எரிகிற ஒரு மெழுகுவர்த்தி. எதிரே வெளியே போகிற வாசல். வாசலில் ஒருவன் மண்வெட்டியால் குழி தோண்டிக்கொண்டிருக்கிறான், முகத்தில் சாக்குத்துணி சுற்றியிருக்கிறது. நம்மைப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்துகிறான். அவசரமே இல்லாமல் நடந்து வருகிறான்.

"நடந்துதான வாரான், நா ஓடிருதேன்" என்றேன்.

"ஓடு, பாப்போம்."

ஓடினேன். அவன் தோண்டி வைத்திருந்த குழியிலேயே விழுந்தேன். திரை கறுத்தது. எங்கேயோ தூரத்தில் ஒரு மணி ஒரே ஒரு தடவை அடித்தது. திரும்பவும் மெழுகுவர்த்தி, மழை, வாசல், அவன்.

"என்னட்டி இது, ஆரம்பத்துலயே கொன்னுட்டான்?"

"ஆரம்பம் இல்ல மிட்டாய்க்காரி. இது இன்னும் வாசப்படி."

இரண்டாவது தடவை கத்தியை எடுத்து வீசினேன், அவனுக்கு உறைக்கக்கூட இல்லை. மூன்றாவது தடவை பட்டன் மாறிப்போய் அவன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தேன். நீ ஸ்டூலிலிருந்து விழப்போனாய். "கும்பிட்டா விட்ருவான்னு நெனச்சியோ?" சிரித்துச் சிரித்து இருமல் வந்தது உனக்கு. எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருமினாய். குழாயைத் திறந்துவிட்டு இருமினாய். திரும்பி வந்தபோது தைல வாசனை. நான் கேட்கவே இல்லை. மண்வெட்டிக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் மூஞ்சியப் பாக்காத, அதுல ஒண்ணும் கெடையாது. கையப் பாரு. ஒத்தக் கையால தூக்குதானா, ரெண்டு கையாலயா? ரெண்டு கைன்னா மெதுவாத்தான் எறங்கும்."

"அவன் தூக்குததுக்குள்ள நான் செத்துப்போறேன்."

"நடையப் பாரேன். நம்ம தெருவுல தண்ணிக் குழாய் தெறக்க வருவாவளே அந்த மாமா மாரி இல்ல?"

அதேதான். தெரு முழுக்கக் குடத்தோடு நின்று கத்தும், அவர் மட்டும் சாவியைச் சுழற்றிக்கொண்டு அவர் பாட்டுக்கு நடந்து வருவார். அதற்குப் பிறகு எனக்கு அவன்மேல் பயமே வரவில்லை. ஆனாலும் செத்தேன். பத்து, பதினைந்து, இருபது. சாகும்போது, அந்த கேமில் காசுபோலச் சேர்த்து வைக்கிற மெழுகெல்லாம் செத்த இடத்திலேயே விழுந்துவிடும். திரும்பி அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் மறுபடி செத்தால் எல்லாம் போச்சு. "விழுந்த எடத்துக்குத் திரும்பிப் போ. விட்டத எடு. அதுக்குள்ள சாவாத." நீ அதைப் பாட்டுப்போல சொல்லிக்கொண்டே இருந்தாய்.

இருபத்திரண்டாவது மணி அடித்ததும் கன்ட்ரோலரைத் தரையில் வைத்தேன். வைத்தேனா, போட்டேனா! "ஒரே எடத்துல ஒரே ஆளுகிட்ட ஒரே மாரி சாவுததுக்கா இதக் காசு குடுத்து வாங்குன?"

நீ அதைக் குனிந்து எடுத்துத் துடைத்தாய். "ஒரே மாரி சாவலட்டி. மொத தடவ மூணு எட்டு வச்ச. இப்ப பதினொண்ணு. நா எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். அதே மாரி, அதே நேரம், தெனமும் செஞ்சேன்னா ஒருநா நீயே அறியாம தாண்டிருப்ப. பொறுமை இருந்தா இதுல யாரும் சாவ மாட்டாவ."

பொறுமை. இந்த வார்த்தையைத்தான் மூன்று வாரமாக மென்று துப்பிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சத்தத்தில் பிள்ளை எழுந்து அழுதாள். தூக்கி உன்னிடம் நீட்டினேன். "பிடி, பால் கலக்கிட்டு வந்துருதேன்." நீ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாய். "வேண்டாம்ட்டி, கையெல்லாம் அழுக்கு." கழுவிக்கொண்டு வா என்றேன். ஆபீஸ் கால் வருகிறது என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டாய்.

அதன்பிறகும் எத்தனை சனிக்கிழமை வந்தாய்! ஒரு தடவைகூட என் பிள்ளையை நீ தொட்டதில்லை. தூரத்திலிருந்து விரலைச் சொடுக்குவாய், அவள் சிரிப்பாள், அவ்வளவுதான். "உன் ஃப்ரெண்டுக்குக் குழந்தைன்னா ஆகாது போல" என்று இவர் ஒருநாள் சொன்னார். அவரிடம் சண்டை போட்டேன். ஆனால் உள்ளுக்குள் நானும் அதையே நினைத்தேன். எனக்கு நடந்ததெல்லாம் உனக்கு நடக்கவில்லையே என்று உனக்கு வயிற்றெரிச்சலோ என்றுகூட நினைத்தேன். அப்படி என்னை நினைக்க வைத்தாயே, அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம். தூக்கக்கூடாது என்று தெரிந்திருக்கிறது உனக்கு. வாயைத் திறந்து சொல்ல மட்டும் தெரியவில்லை.

அடுத்தது என் முறை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மகளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. மாஸ்க் போட்ட ஒரு அம்மா, தோளில் துணிப்பை, கையில் ஃபைல், கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. உன் பெயரை, உன் அப்பா பெயரோடு சேர்த்துச் சொல்லி, "இந்த வீடுதானே?" என்று தமிழிலேயே கேட்டார். "மூணு வாரமா மருந்து வாங்க வரல. டிஸ்பென்சரியிலிருந்து வர்றேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் அத்தை வந்து, "யாரும்மா அது?" என்றார். எதிர் ஃப்ளாட் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. அரசாங்கப் பை, மாஸ்க், மருந்து, எங்கள் வாசல். இவ்வளவுதான் என் மண்டையில் ஓடியது. "இங்க அப்படி யாரும் இல்லீங்க. அட்ரஸ் தப்பு. இனிமே இங்க வராதீங்க" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். ஃபைலில் எதையோ எழுதிக்கொண்டு படி இறங்கினார்.

மத்தியானம் உனக்கு போன் போட்டேன்.

"அதுவா? ஆபீஸ் செக்கப்புல ரத்தம் கம்மின்னாவ, சத்து மாத்திரை. எங்க தெருவுக்குள்ள வந்தா ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாவல்லா, அதான் ஒன் அட்ரஸக் குடுத்துட்டேன். சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்ட்டி. திட்டாத."

"சத்து மாத்திரைக்கா வீடு தேடி வாராவ?"

"பம்பாய்ல இப்ப எல்லாம் ஹோம் டெலிவரிதான்." சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன். தினமும் க்ளெய்ம் பேப்பரில் பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினவள் நான்! உன் பொய்யை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்பிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. காட்கோபரில் பார்த்திருந்த மாப்பிள்ளையோடு நிச்சயம் ஆனது, நீ இளைத்தது கல்யாணப் பொண்ணின் அழகு என்று எல்லோரும் சொன்னோம். ஒரு மாதத்தில் ஜாதகம் மறுபடி பார்த்ததில் சரியில்லை என்று போனில் சொல்லி அவர்கள் முடித்துக்கொண்டார்கள். பிறகு நீ வரவே இல்லை. பிறகு ஆஸ்பத்திரி. நிமோனியா என்றார் உங்கம்மா. வார்டு வாசலில் எனக்கு மாஸ்க் கொடுத்தார்கள். நீ கட்டிலோடு கட்டிலாக இருந்தாய். ஆக்சிஜனை விலக்கிவிட்டு நீ கேட்டது ஒன்றுதான்.

"மிட்டாய்க்காரி, மண்வெட்டிக்காரனத் தாண்டினியா?"

"எனக்கு எங்கட்டி அதுக்கெல்லாம் நேரம், பிள்ளைய வச்சிக்கிட்டு."

"எனக்காவது தாண்டு."

அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. இரண்டு நாள் கழித்து உங்கப்பாவிடமிருந்து போன் வந்தது.

நான்கு மாதம் கழித்து, மேல் அறையை வாடகைக்கு விடுவதற்காக ஒழித்தபோது, உங்கம்மா இந்தப் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "அவ ஒங்கிட்டதான் குடுக்கச் சொன்னா மக்ளே. எங்களுக்கு இத ஆன் பண்ணக்கூடத் தெரியாது." உட்காரக்கூட இல்லை. பிள்ளையைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். துக்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் மகள் தூங்கியதும் ஒயரையெல்லாம் மாட்டி ஆன் பண்ணினேன். உன் மூன்று ஆட்டங்களுக்கும் கீழே நான்காவதாக ஒன்று இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் மிட்டாய் என்று பெயர். அந்தச் சனிக்கிழமை எனக்காகத் தொடங்கியதை அழிக்காமல் வைத்திருக்கிறாய். அதே கல்லறைத் தோட்டம், அதே மழை. பக்கத்தில் கத்துவதற்கு யாரும் இல்லை. முதல் தடவையே குழியில் விழுந்தேன். மணி அடித்தது. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். கையைப் பார்த்தேன். ஒற்றைக் கை, விலகு. ஒற்றைக் கை, விலகு. இரட்டைக் கை, இப்போது குத்து. எத்தனை தடவை என்று எண்ணவில்லை, எண்ணுகிறவள் இல்லையே. நாலாவது நாள் மத்தியானம் அவன் மண்வெட்டியை நழுவவிட்டு, தான் தோண்டிய குழிக்குள்ளேயே மெதுவாகச் சரிந்தான். வாசல் திறந்தது. அந்தப் பக்கம் ஒரு நீண்ட கல் பாலம், மழை, தூரத்தில் மடம். தாண்டிட்டேன்ட்டி என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு மினுக்கியது. சார்ஜ் ஒயர் எங்கே என்று பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். ஒயரோடு சேர்ந்து மாத்திரை அட்டைகள் வந்தன. ஒன்றல்ல. ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. பிரிக்காதது. ஒரு மாத்திரைகூட எடுக்காதது. அட்டையின் பின்னால் எழுதியிருந்ததைப் போனில் தேடிப் பார்த்தேன்.

டிபி மருந்து.

ஓடிப்போய் பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன்.

அன்றே லேபர் கேம்ப் வந்தேன். மாத்திரைக் கட்டை உங்கம்மா முன்னால் வைத்தேன். அவர் மறுக்கவில்லை.

"மூணு மாசம் ஒழுங்காத்தான் தின்னா மக்ளே. தின்னா வாந்தி வரும். ஒண்ணுக்கு செவப்பாப் போவும். மாப்ள வீட்ல விருந்துக்குக் கூப்ட்டாவ, அங்க வச்சு வாந்தி எடுத்தா என்ன நெனப்பாவ? நிச்சயம் முடியிற வரைக்கும் நிறுத்திக்கிடுவோம்னு நாந்தான் சொன்னேன். அவளும், 'மூணு வாரந்தானம்மா, அப்பறமா விட்ட எடத்துலேருந்து எடுத்துக்கிடலாம்'னா."

"அப்பறம் ஏன் எடுக்கல?"

"இருமல் நின்னு போச்சுல்லா. மறுபடி போனா டிஸ்பென்சரில ஏசுவாவன்னு பயந்தா. அங்கேருந்தும் யாரும் தேடி வரல."

தேடி வந்தார்கள். என் வீட்டுக்கு வந்தார்கள். அதை உங்கம்மாவிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமாம்! எந்த ஊரில்? எந்த மெழுகுவர்த்தி உன்னைத் திரும்ப எழுப்பும் என்று நினைத்தாய்? ஒரு சுவரில் நாள் முழுக்க மோதப் பொறுமை இருந்தது. நான் வைத்த எட்டை எண்ணப் பொறுமை இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு வேளை, ஆறு மாதம், நாலு மாத்திரையை விழுங்கப் பொறுமை இல்லை. யாருக்காக? இருமல் சத்தம் கேட்டதும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவனுக்காக. அவன் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. நீ செத்துப்போனாய்.

பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோனோம். படம் எடுத்தார்கள். கையில் ஊசி போட்டு இரண்டு நாள் கழித்துப் பார்த்தார்கள். ஊசி போட்ட இடம் தடித்திருந்தது. நோய் இல்லை என்றார் டாக்டர். கிருமி உள்ளே வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறது, எழாமல் இருக்க ஆறு மாதம் தினமும் மருந்து, விடக்கூடாது. என் ஃப்ரெண்டிடமிருந்து வந்ததா என்று கேட்டேன். "இந்த ஊர்ல யார்கிட்டேருந்துன்னு எப்படிம்மா சொல்றது? ரயில், லிஃப்ட், யாரா வேணா இருக்கலாம்." உன்னை முழுசாகத் திட்டுகிற வசதியைக்கூட அவர் எனக்குத் தரவில்லை.

இன்று காலை அத்தையும் நானும் பிள்ளையோடு டிஸ்பென்சரிக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் அதே அம்மா. கழுத்தில் அதே கண்ணாடிக் கயிறு. ஃபார்மை எடுத்து, "அட்ரஸ் சொல்லுங்க" என்றார். "வாரத்துக்கு ரெண்டு நாள் நானே வீட்டுக்கு வந்து பாப்பேன். நாளைக்குக் காலையிலயே வர்றேன், எட்டு மணிக்கு."

அத்தை என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "நம்ம பில்டிங்கைச் சொல்லாதம்மா. காட்கோபர்ல என் தங்கச்சி வீட்டைக் குடு. அவ வாங்கி வச்சுப்பா, நாம போய் எடுத்துக்கலாம்."

"தினமும் குடுக்கணும்த்தை."

"குடுக்க வேண்டாம்னா சொல்றேன்? பொம்பளப் பிள்ளம்மா. நாளைக்கு நாலு இடத்துலேருந்து கேட்டு வருவாங்க. இந்தப் பேச்சு இருக்கக்கூடாது."

என் மகளுக்குப் பல்லே ஆறுதான் முளைத்திருக்கிறது. அவளுக்கு மாப்பிள்ளை கேட்டு வருகிறவர்கள் அதற்குள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்! இவருக்கு போன் போட்டேன். "அம்மா சொல்றதும் சரிதானே, எதுக்கு வீணா டென்ஷன்?" என்றார். போனை வைத்துவிட்டேன். என் காதில் உன் குரல்தான் கேட்டது. அன்பாக ஒன்றும் இல்லை, ஏசுகிற குரல். விழுந்த எடத்துக்குத் திரும்பிப் போ.

மேஜைக்கு வந்தேன். எங்கள் வீட்டு அட்ரஸை பில்டிங் பெயரோடு சத்தமாகச் சொன்னேன். "செகண்ட் ஃப்ளோர். பெல் ரிப்பேர், கதவத் தட்டுங்க. கேக்கலைன்னா இன்னும் பலமா தட்டுங்க."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இந்த வீட்டுக்கு நான் வந்திருக்கேனே."

"ஆமா. போன வருஷம். அப்படி யாரும் இல்லன்னு சொன்னது நான்தான். அவ என் ஃப்ரெண்டு. என் அட்ரஸ அவளே குடுத்திருக்கா."

அத்தை பின்னால் மூச்சை இழுப்பது கேட்டது.

"தெரியும்மா" என்றார் அந்த அம்மா. "சொல்லும்போதே உங்க கண்ணு எதிர்வீட்டுக் கதவுக்குப் போச்சு. பழகிப்போச்சு எனக்கு. அப்புறம் அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன், எடுக்கவே இல்ல." பேனாவைக் கையில் உருட்டினார். "வேற எங்கயாவது மருந்து எடுத்துக்கிட்டாளா? இப்ப எப்படி இருக்கா?"

நீ எப்படி இருக்கிறாய் என்று என்னைக் கேட்டார். இதற்கு நீ அல்லவா பதில் சொல்லியிருக்க வேண்டும்?

நான் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "யாரோட பழக்கம்னு ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கு, அவ பேரச் சொல்லுங்க" என்றார். உன் முழுப்பெயரை உன் அப்பா பெயரோடு சொன்னேன்.

முதல் வேளை மருந்தை அங்கேயே கொடுத்தோம். மாத்திரையைக் கரைத்த தண்ணீரைக் கண்டதும் பிள்ளை கத்தினாள், முதல் வாயைத் துப்பினாள். அந்த முகத்தைப் பார்த்தால் என்னால் முடியாது என்று தெரிந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன். வலது கை கிண்ணத்தைத் தட்ட வரும் நேரத்துக்குக் காத்திருந்து, பிடித்துக்கொண்டு, ஊற்றிவிட்டேன். இறங்கிவிட்டது.

"ஒரு நாள் விட்டாலும் சண்டை போடுவேன்" என்றார் அந்த அம்மா.

"போடுங்க" என்றேன்.

ஆட்டோவில் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். இவர் வந்து சாப்பிட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் படுத்துவிட்டார். நாளைக்குப் பேசுவார்கள். பேசட்டும்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. செத்தவர்களை மன்னித்துவிட வேண்டும் என்று யார் சொன்னது? ஆறு மாதம் தினமும் அதே நேரத்தில் அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் உன்மேல் கோபம் வரும், அது வேண்டும் எனக்கு, அது இருந்தால் ஒரு நாளும் மறக்க மாட்டேன். கன்ட்ரோலரை இனித் துடைக்கப் போவதில்லை. அந்த மிட்டாய் பாலத்தின் முன்னால் மழையில் நிற்கிறாள், நிற்கட்டும், அவளுக்கு அவசரம் இல்லை.

காலையில் கதவு தட்டுகிற சத்தத்துக்கு எதிர் ஃப்ளாட் கதவும் ஒரு விரல் அளவு திறக்கும். நான் எங்கள் கதவை அகலத் திறப்பேன். அந்த அம்மா என் மகளின் பெயரைச் சொல்லி, இந்த வீடுதானே என்று கேட்பார்.

இந்த வீடுதான்.